மூலையில் உலரும் துணி

ஸ்ரீரங்கத்து உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய வீடுகளில் ஒன்றுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால், இரண்டாம் கட்டில் கூரைக்குச் சற்றுக் கீழே ஒரு நீண்ட மூங்கில் தொங்குவதைக் காணலாம். அதுதான் மடிக் கொடி. நனைத்துப் பிழிந்த புடவையை ஒரு கோலின் நுனியால் தூக்கி அதன்மேல் விரிப்பார்கள். மறுநாள் காலை அதே கோலால் எடுப்பார்கள். யார் கையும் படக்கூடாது. குழந்தைகள் ஓடிவந்து மோதக் கூடாது. காற்று தடையின்றி வரவேண்டும். அந்தப் புடவைக்குக் கிடைத்த மரியாதை வீட்டு எஜமானருக்குக்கூடக் கிடைத்ததா என்பது சந்தேகமே.

அதே வீட்டில் இன்னொரு துணியும் உண்டு. மாதத்தில் மூன்று நாள் உபயோகமாகும் பழைய வேஷ்டிக் கிழிசல் அது. அதற்கு மூங்கில் கொடியும் இல்லை, கோலும் இல்லை. கொல்லையின் கடைசியில், குளியலறைக்குப் பின்னால், சுவரில் அடித்த இரண்டு ஆணிகளுக்கு நடுவே ஒரு சணல் கயிறு. துணியை அதில் போட்டு, ஆண்பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று அதன்மேல் ஒரு கிழிந்த பாவாடையையும் போர்த்திவிடுவார்கள். வெயில் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது. பாதி உலர்ந்தும் உலராமலும் எடுத்து, சுருட்டி, ஒரு தகரப் பெட்டிக்குப் பின்னால் செருகி வைத்தால் அடுத்த மாதம்தான் அது வெளியே வரும்.

மாதவிடாய்க் காலத்துச் சுகாதாரத்தைப் பற்றியும் குப்பையைக் குறைக்கும் வழிகளைப் பற்றியும் இன்று எங்கும் பேச்சாயிருக்கிறது. நாப்கின் நல்லதா, துணி நல்லதா, ரப்பர் போன்ற கிண்ணம் என்று புதிதாக ஏதோ சொல்கிறார்களே அது நல்லதா என்றெல்லாம் விவாதம் நடக்கிறது. நம்முடைய அபிப்பிராயத்தில், அந்தச் சணல் கயிறு எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் இந்த விவாதத்தில் இறங்க வேண்டும்.

குடும்பங்கள் படிக்கும் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று சில நேயர்கள் முகம் சுளிக்கக் கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. பெண் பெரியவளானாள் என்றால் தெருவை அடைத்துப் பந்தல் போடுகிறோம், ஒலிபெருக்கி கட்டுகிறோம், பன்னிரண்டு வயதுக் குழந்தையின் படத்தை ஆளுயரத்தில் அச்சடித்து, தாய்மாமன்மார் பெயர்களோடு நாற்சந்தியில் நிறுத்துகிறோம். அப்போது வராத கூச்சம், அந்தக் குழந்தை அடுத்த மாதம் தன் துணியை எங்கே உலர்த்தப் போகிறது என்று கேட்டால் மட்டும் வந்துவிடுகிறது!

நாப்கினைத் தூற்றுவது நம் நோக்கமன்று. அது நம் பெண்களுக்குச் செய்திருக்கும் உபகாரம் பெரிது. காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டு, சத்திரம் பஸ் நிலையத்தில் இரண்டு பஸ் மாறி, மாலை ஆறு மணிக்குத் திரும்பும் உத்தியோகஸ்தப் பெண்ணுக்கும், நல்ல கழிப்பிடம் இல்லாத பள்ளிக்கூடத்தில் நாள் முழுவதும் உட்கார வேண்டிய மாணவிக்கும் அது தைரியம் கொடுத்திருக்கிறது. கோயம்புத்தூர் முருகானந்தம் மலிவான நாப்கின் செய்யும் இயந்திரம் ஒன்றை அமைத்து, பரிகாசத்தையெல்லாம் சகித்துக்கொண்டு, கடைசியில் 2016-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற கதையைச் சினிமாவாகவே எடுத்துவிட்டார்கள். வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் வழங்கும் 'புது யுகம்' திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2011-இல் அறிவித்தது. 2017-இல் இதன்மேல் விதிக்கப்பட்ட நூற்றுக்குப் பன்னிரண்டு வீத வரி, நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு 2018 ஜூலையில் நீங்கியது. இவையெல்லாம் நல்ல காரியங்கள்தாம்.

ஆனால் அந்தப் பொருள் எதனால் ஆனது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்? அதன் பூர்வோத்தரம் விசித்திரமானது. முதல் உலக மகாயுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டுப் போடுவதற்காக மரக்கூழிலிருந்து ஒரு வகைப் பஞ்சு தயாரித்தார்கள். பருத்திப் பஞ்சைவிட மலிவு. ஈரத்தையும் அதிகமாக உறிஞ்சும். யுத்தகள ஆஸ்பத்திரிகளிலிருந்த தாதிகள் அதைத் தங்கள் மாதாந்திரத் தேவைக்கும் எடுத்துக்கொண்டார்கள். யுத்தம் முடிந்து பஞ்சுக்குக் கிராக்கி குறைந்ததும், அமெரிக்கக் கம்பெனி ஒன்று 1920-இல் அதைப் பெண்களுக்கென்றே கடைக்குக் கொண்டுவந்தது. அன்றைய நாப்கினில் பிளாஸ்டிக் கிடையாது. இன்று கடையில் வாங்குவதிலோ தோலில் படும் மேலுறை பெரும்பாலும் பிளாஸ்டிக். கசியாமல் தடுக்கும் அடித்தாளும் பிளாஸ்டிக். நடுவே மரக்கூழோடு, ஈரத்தைக் குடித்துக் கூழாய் உப்பும் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் ரசாயனப் பொடியும் கலந்திருக்கிறது. மரக்கூழ் மட்கும். மற்றவை நம் பேரன் பேத்தி காலத்திலும் மட்கப் போவதில்லை.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். கணக்குப் போடாமல் நம்மால் இருக்க முடியாது. ஒரு தாயும் இரண்டு பெண்களும் உள்ள வீடு. ஆளுக்கு மாதம் 12 நாப்கின் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 36; வருஷத்துக்கு 432. இப்படிப்பட்ட நூறு வீடுகள் உள்ள ஒரு தெருவிலிருந்து வருஷத்துக்கு 43,200 போகின்றன. தில்லைநகரிலும் உறையூரிலும் ஸ்ரீரங்கத்திலும் எத்தனை தெருக்கள் இருக்கின்றன என்பதை நேயர்களே எண்ணிக்கொள்ளட்டும்.

அவை போகின்றன என்றோமே, எங்கே போகின்றன? சில, சோழர் காலம் முதல் நம் வயல்களுக்கு நீர் சுமந்துவரும் உய்யக்கொண்டான் வாய்க்காலில் மிதக்கின்றன. பல, திருச்சியின் குப்பையையெல்லாம் பல்லாண்டுகளாகச் சுமந்த அரியமங்கலத்தில் 40 ஏக்கருக்கு மேல் மலையாய்க் குவிந்த கழிவோடு கலந்தன. அந்த மலையைச் சலித்துப் பிரிக்க மாநகராட்சி பட்ட பாடு ஊரறிந்தது. இன்னும் சில, கழிப்பிடத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் கண்ணுக்கு மறைந்துவிடுகின்றன. கண்ணுக்கு மறைந்தது பூமிக்கடியில் மறைவதில்லை. ரசாயனப் பொடி ஒன்றுக்குப் பத்தாக உப்பி, பாதாளச் சாக்கடைக் குழாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அடைப்பை எடுக்க ஒரு மனிதர் வரவேண்டும். சாக்கடைக் குழிக்குள் மனிதரைப் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது; இருந்தும் அந்தச் சாவுச் செய்திகள் நம் நாட்டில் நின்றபாடில்லை.

வீட்டில் நம் சொந்தச் சகோதரன் கண்ணில் படக்கூடாது என்று எதை ஒளித்தோமோ, அதை முன்பின் அறியாத ஒருவர் வெறுங்கையால் எடுக்கிறார். அவரும் ஒரு தாய்க்கு மகன். அநேக சமயங்களில் அவரே ஒரு தாய். வெட்கம் என்பது இங்கே ஒருவர் தலையிலிருந்து இறங்கி இன்னொருவர் தலையில் ஏறிக்கொள்ளும் சுமையாகிவிட்டது.

இதைப் புனா நகரத்துக் குப்பை சேகரிக்கும் பெண்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 'ஸ்வச்' என்னும் கூட்டுறவுச் சங்கத்தைச் சேர்ந்த அவர்கள், 2013-இல் உபயோகித்த நாப்கின்களைப் பைகளில் நிரப்பி, அவற்றை உற்பத்தி செய்த கம்பெனிகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்! "நீங்கள் செய்த பொருள், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்பது அதன் தாத்பரியம். பின்னர் 2016-இல் வெளியான திடக்கழிவு விதிகள், நாப்கினைச் சுற்றிப் போட உறை கொடுப்பது கம்பெனிகளின் பொறுப்பு என்றும், அப்படிச் சுற்றித் தனியே ஒப்படைப்பது வீட்டாரின் பொறுப்பு என்றும் கூறின.

எரித்துவிடலாமே என்பார்கள். பள்ளிக்கூடங்களிலும் விடுதிகளிலும் சிறு எரியூட்டும் பெட்டிகளை மாட்டி வைத்திருப்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். பிளாஸ்டிக்கைத் தீங்கில்லாமல் எரிக்க 800 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் முறையான புகைபோக்கியும் வேண்டும். அரைகுறைச் சூட்டில் எரித்தால் டையாக்ஸின் முதலிய விஷப் புகைகள்தாம் மிச்சம். அதைச் சுவாசிப்பது பக்கத்து வகுப்பிலிருக்கும் குழந்தைகள். கொல்லையில் காகிதத்தோடு போட்டுக் கொளுத்துவது அதைவிட மோசம்.

அப்படியானால் பாட்டிமார் காலத்துத் துணிக்கே திரும்பிவிடலாம் என்று சிலர் உற்சாகமாகச் சொல்லுகிறார்கள். சுதேசியம், சிக்கனம், இயற்கை என்று அழகான வார்த்தைகளும் கூடவே வருகின்றன. கதரில் நமக்கும் பற்று உண்டு. ஆயினும் பழமை என்பதற்காகவே ஒன்றைக் கொண்டாட நாம் தயாராயில்லை.

ஒடிஸா மாகாணத்தில் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு வந்த பெண்களிடம் வைத்தியர்கள் செய்த ஆராய்ச்சி ஒன்று 2015-இல் வெளியாயிற்று. துவைத்துத் திரும்ப உபயோகிக்கும் துணியைக் கொண்டவர்களுக்கு, நாப்கின் உபயோகித்தவர்களைவிடப் பிறப்புறுப்பிலும் மூத்திரப் பாதையிலும் தொற்று நோய் அதிகமாயிருக்கக் கண்டார்கள். நாப்கின் கட்சியார் இதைச் சொல்லி ஜெயபேரிகை கொட்டலாம். ஆனால் 2018-இல் அதே மாகாணத்தில் 558 பெண்களைப் பரிசோதித்து வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியையும் படிக்க வேண்டும். துணியை வீட்டுக்குள்ளேயே உலர்த்தியவர்களுக்கும், உலர்த்திய துணியைக் கழிப்பறையில் செருகி வைத்தவர்களுக்கும், உடம்பைப் போதிய தடவை கழுவ வசதியற்றவர்களுக்கும் பூஞ்சைத் தொற்று கூடுதலாயிருந்தது என்று அது கூறிற்று. கேடு செய்தது ஈரம். அந்த ஈரத்தைப் போகவிடாமல் காத்தது இருட்டு மூலை. மூலைக்குத் துணியைத் துரத்தியது நம் வெட்கம். நாம் ஆரம்பத்தில் சொன்ன சணல் கயிற்றின் கதை இதுதான்.

திருச்சி வெயிலைப் பற்றி நமக்குக் குறை சொல்லத்தான் தெரியும். கத்திரியில் மலைக்கோட்டைப் பாறை அனலாய்க் கொதிக்கும்போது சூரிய பகவானைத் திட்டாதவர் இல்லை. ஆனால் பூஞ்சைக்கும் கிருமிக்கும் அவரைப் போன்ற சத்துரு வேறு யாரும் கிடையாது. இரண்டு மணி நேர வெயில், துணியிலுள்ள ஈரத்தைக் கடைசிச் சொட்டு வரையில் வாங்கிவிடும். வாடகை கேட்காத, மின்சாரம் வேண்டாத, பில் அனுப்பாத இந்த வைத்தியரை வாசலில் நிறுத்திவிட்டு, துணியை மட்டும் குளியலறைக்குப் பின்னால் ஒளிக்கிறோம்.

துணியை உபயோகிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். வெந்நீர் பட்டால் ரத்தக் கறை இறுகிவிடும். பிறகு சாதாரணச் சோப்பினால் துவைத்து, நுரை முழுவதும் போகும்படி அலசி, வெயிலில் ஒற்றை மடிப்பாக விரித்து, மொறமொறவென்று காயவிட வேண்டும். மழைக்காலத்தில் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்க்கலாம். உலர்ந்தபின் மற்ற துணிகளோடு அலமாரியில் ஒரு பருத்திப் பைக்குள் வைத்தால் போதும். நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இது நாப்கினுக்கும் பொருந்தும். நாப்கின் மேலாகப் பார்க்க உலர்ந்திருக்கிறதே என்று காலையில் வைத்ததை இரவு வரை வைத்திருப்பது சிக்கனமன்று. தோல் புண்ணுக்கு அழைப்பு. உடம்பின் உட்புறத்தைச் சோப்பாலோ கிருமிநாசினியாலோ கழுவுவது கூடவே கூடாது. இயற்கை அங்கே வைத்திருக்கும் காவலை அது விரட்டிவிடும். வெளிப்புறத்துக்குத் தண்ணீர் ஒன்றே போதும்.

பழைய வேஷ்டிக் கிழிசல்தான் துணி என்று நினைக்க வேண்டாம். அடுக்கடுக்காகப் பருத்தி வைத்து, நழுவாமல் பொத்தான் போட்டுத் தைத்த பட்டைகள் இன்று கிடைக்கின்றன. நன்றாகப் பராமரித்தால் சில வருஷங்கள் உழைக்கும். ஆரோவிலில் 'ஈகோ ஃபெம்' என்னும் ஸ்தாபனத்தார் சுற்றுவட்டாரக் கிராமப் பெண்களைக் கொண்டு இவற்றைத் தைத்து, வெளிநாடுகளுக்கும் அனுப்பி வருகிறார்கள். நம் ஊரிலேயே, 1987-இல் தொடங்கிய 'கிராமாலயா' சங்கத்தார் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் இப்படிப்பட்ட துணிப் பட்டைகளுக்கென்று 2021-இல் ஒரு தர அளவையே வெளியிட்டிருக்கிறது. ஆகவே துணி என்றாலே அசுத்தம் என்று சொல்லுவதற்கு இனி இடமில்லை.

அப்படியும் சர்க்கார் கணக்கில் துணிக்கு மதிப்பு இல்லை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்குச் சுமார் 77 பேர் சுகாதாரமான முறையைக் கையாளுகிறார்கள் என்று கண்டார்கள். நாப்கின், உள்ளூரில் செய்த நாப்கின், உள்ளே வைக்கும் பஞ்சு, கிண்ணம் ஆகியவைதாம் அதில் சுகாதாரமான முறைகள். துணியை எவ்வளவு சுத்தமாகத் துவைத்து எவ்வளவு வெயிலில் உலர்த்தினாலும், அந்தப் பெண் சுகாதாரமற்றவர் பட்டியலில்தான். பன்னிரண்டு மணி நேரம் ஒரே நாப்கினை வைத்திருப்பவரோ சுகாதாரப் பட்டியலில் சௌக்கியமாக அமர்ந்திருப்பார். பரீட்சையில் கேள்வியே தப்பாயிருந்தால் விடைத்தாளைத் திருத்தி என்ன பிரயோஜனம்?

கிராமாலயாவைப் பற்றிச் சொன்னோம். அந்தச் சங்கத்தின் மூல வேலை துணி தைப்பதன்று, கழிப்பிடம் கட்டுவது. அதன் ஸ்தாபகர் தாமோதரனுக்கு 2022-இல் பத்மஸ்ரீ கிடைத்தது அந்தத் தொண்டுக்காகத்தான். திருச்சி மாவட்டத்துத் தாண்டவம்பட்டி 2003-இல் திறந்தவெளியை நாடாத கிராமமாயிற்று; நகரத்தின் குடிசைப் பகுதிகளில் பொதுக் கழிப்பிடங்களைப் பெண்கள் குழுக்களே சாவி வாங்கி, காசு வசூலித்து, தண்ணீர் நிரப்பி நடத்தும் ஏற்பாடும் இவ்வூரில் வேரூன்றிற்று. இதற்கும் நம் விஷயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஒரு குடம் தண்ணீருக்குத் தெருக்குழாயில் முறை பார்த்து நிற்கும் பெண்ணிடம், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பிடத்துக்குப் போகும் பெண்ணிடம், "துணி உபயோகி, பூமித்தாயைக் காப்பாற்று" என்று உபதேசிப்பது அழகன்று. துவைக்கத் தண்ணீர் வேண்டும். மாற்றத் தாழ்ப்பாளுள்ள அறை வேண்டும். உலர்த்த வெயில் விழும் இடம் வேண்டும். இவை மூன்றும் உள்ளவர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கும் நம்மைப் போன்றவர்கள். ஆகையால் குப்பையைக் குறைக்கும் பொறுப்பு முதலில் நம் வீடுகளுக்குத்தான். ஏழைப் பெண்ணுக்கு நாப்கின்தான் வசதி என்றால் அவள் அதையே உபயோகிக்கட்டும். அவளிடம் கணக்குக் கேட்க நமக்கு உரிமை கிடையாது.

கிண்ணத்தைப் பற்றிப் பலர் பயத்தோடு விசாரிக்கிறார்கள். சிலிக்கோன் என்னும் மிருதுவான பொருளால் செய்த சிறு குப்பி அது. உள்ளே வைத்தால் உதிரத்தை உறிஞ்சாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொட்டிக் கழுவி மறுபடி வைக்கலாம். மாதவிலக்கு முடிந்ததும் கொதிநீரில் போட்டு எடுத்து வைத்தால், ஒன்றே பத்து வருஷம் வரை உழைக்கும். 43 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பரிசீலித்து 2019-இல் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகைக் குழுமம் வெளியிட்ட கட்டுரை ஒன்று, கசிவு மற்றவற்றுக்குச் சமம் அல்லது குறைவு என்றும், உபயோகித்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதையே தொடர விரும்பினார்கள் என்றும் கூறிற்று. பழகுவதற்கு இரண்டு மூன்று மாதம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருத்தடைக்காகக் கருப்பையில் சாதனம் பொருத்தியிருப்பவர்கள் வைத்தியரைக் கலந்துகொண்ட பிறகே உபயோகிக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது சாதனம் நழுவக்கூடும்.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில் இது ஊர் இயக்கமாகவே நடந்திருக்கிறது. ஆலப்புழை நகரசபையார் 2019-இல் ஆயிரக்கணக்கான கிண்ணங்களை இலவசமாய்க் கொடுத்தார்கள். கொச்சிக்கருகே கும்பளங்கி என்னும் மீனவர் கிராமம், 2022 ஜனவரியில் தன்னை நாப்கின் இல்லாத ஊராக அறிவித்துக்கொண்டது. அங்கும் சுற்றிலும் காயல். எறிந்த குப்பை மறுநாள் அலையில் வீட்டு வாசலுக்கே திரும்பும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவில் வசிக்கும் ஸ்ரீரங்கவாசிகளுக்கு அந்த நியாயம் எளிதில் விளங்க வேண்டும்.

இனி, 'தூரம்' என்னும் பழக்கம். அதில் ஓய்வு இருந்தது, ஆகையால் அது விஞ்ஞானம் என்று வாதிப்போர் உண்டு. அடுப்பங்கரையிலிருந்து மூன்று நாள் விடுதலை கிடைத்தது உண்மைதான். ஆனால் ஓய்வுக்குத் தனித் தட்டு எதற்கு? தனிப் பாய் எதற்கு? மாட்டுக் கொட்டிலுக்கு அடுத்த இருட்டு ரேழி எதற்கு? ஓய்வு தேவையென்றால் கட்டிலில் படுக்க வைத்து, கணவரோ மகனோ ரசம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போகட்டுமே.

2018 நவம்பரில் கஜா புயல் வீசிய இரவு. பட்டுக்கோட்டையை அடுத்த அணைக்காட்டில், அப்போதுதான் பெரியவளாகியிருந்த ஒரு சிறுமியை, வழக்கப்படி, வீட்டுக்கு வெளியே சிறு குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். தென்னை மரம் குடிசைமேல் சாய்ந்து அவள் இறந்துபோனாள். அந்தத் தாய் தகப்பனைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஊர் செய்ததைச் செய்தார்கள். ஆனால் இந்தக் காவிரிப் படுகையிலேயே, நமக்குச் சில மணி நேர பஸ் பிரயாண தூரத்தில் நடந்த சம்பவம் அது. படித்த வீடுகளில் இப்போது குடிசை இல்லை. அந்தக் குடிசை சுருங்கிச் சுருங்கிக் குளியலறைக்குப் பின்னாலிருக்கும் கயிறாகவும், மருந்துக் கடைக்காரர் சுற்றிக் கொடுக்கும் கறுப்புப் பையாகவும் மாறியிருக்கிறது. கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. அரிசிக்கும் பருப்புக்கும் பை கிடையாது என்று கைவிரிக்கும் கடைக்காரர், இந்த ஒரு பொட்டலத்துக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு கறுப்புப் பையைத் தேடி எடுத்துவிடுகிறார்!

பள்ளிக்கூடத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. பருவமடைவதைப் பற்றி எட்டாம் வகுப்பு அறிவியலில் பாடம் உண்டு. அதை "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப்போகும் உபாத்தியாயர்களும் உண்டு. பெண்களை மட்டும் தனி அறைக்கு அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுப்பது அதைவிட ஒருபடி மேல். ஆனால் வெளியே காத்திருக்கும் பையன்கள் அந்த அரைமணியில் கற்றுக்கொள்வது பரிகாசம் ஒன்றைத்தான். அவர்களையும் உட்கார வைத்தே பாடம் நடத்தலாம். முதல் ஐந்து நிமிஷம் சிரிப்பார்கள். பிறகு அக்காவுக்கு வயிற்று வலி ஏன் வருகிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி கேட்ட பையன், நாளைக்கு மொட்டை மாடியில் துணி உலர்வதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டான். அடுக்குமாடிக் கட்டிடங்களில் மாடிச் சாவியை யார் வைத்திருக்கிறார்கள், கொடியில் எந்த வீட்டுக்கு எந்த இடம் என்றெல்லாம் சங்கக் கூட்டத்தில் மணிக்கணக்காக வாதாடுகிறோமே, அந்தக் கூட்டத்துக்குப் பெண்களையும் அழைத்தால் நல்லது.

துணியும் கிண்ணமும் எப்படியிருந்தாலும், ரத்தம் போவது உடம்பிலிருந்து என்பதை மறக்கலாகாது. மேற்படி தேசிய ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் ரத்த சோகை உள்ளவர்கள் என்று தெரிந்தது. சாதாரணமாக ஒரு மாதவிலக்கில் போகும் ரத்தம் 30 அல்லது 40 மில்லி லிட்டர். 80-ஐத் தாண்டினால் அதிகம். வீட்டில் அளந்து பார்க்க முடியாதுதான். மணிக்கொரு நாப்கின் நனைந்தாலும், பெரிய கட்டிகளாக விழுந்தாலும், ஏழெட்டு நாளுக்கு மேல் நீடித்தாலும் அதை "எங்கள் வம்சத்திலேயே அப்படித்தான்" என்று தள்ளிவிடாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். படுக்கையை விட்டு எழ முடியாத வயிற்று வலியும் அவ்வாறே. அது சகித்துக்கொள்ள வேண்டிய சோதனையன்று, பெரும்பாலும் சிகிச்சை உள்ள கோளாறு. முருங்கைக் கீரையும் கேழ்வரகும் நல்லவை. சாப்பாட்டோடு எலுமிச்சை சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்டவுடன் குடிக்கும் காப்பியும் டீயும் அதைத் தடுக்கும். திருச்சிக்காரர்களிடம் காப்பியைக் குறை சொல்லிப் பிழைக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்தில் வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைக் குழந்தைகள் விழுங்குகிறார்களா, ஜன்னல் வழியே எறிகிறார்களா என்பதையும் தாய்மார்கள் ஒருமுறை விசாரித்து வைப்பது நல்லது.

நாப்கினையே உபயோகிக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டில் இருக்கும் நாட்களிலும் இரவிலும் துணி, வெளியூர்ப் பிரயாணத்துக்கு மட்டும் நாப்கின் என்று வைத்துக்கொண்டாலே குப்பை பாதியாகும். உபயோகித்ததை எக்காரணம் கொண்டும் கழிப்பிடத்தில் போடாமல், பழைய செய்தித்தாளில் இறுகச் சுற்றி, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியே கொடுக்க வேண்டும். புனாப் பெண்கள் அந்தக் காகிதத்தின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னார்கள். பிரித்துப் பார்க்காமலே உள்ளே இருப்பது இன்னதென்று குப்பை எடுப்பவர் தெரிந்துகொள்வதற்காக ஏற்பட்ட அடையாளம் அது. அதற்கு ஒரு சிவப்புப் பென்சிலை ஜன்னலோரம் நூலில் கட்டித் தொங்கவிட்டால் போதும். காலையில் வண்டி வரும்போது அந்தப் பொட்டலத்தைக் கையுறை அணிந்தவரிடம், இன்னதென்று சொல்லிக் கொடுக்கலாம். கையுறை இல்லாவிட்டால், அவருக்கு அது ஏன் இல்லை என்று மாநகராட்சி வார்டு ஆபீஸில் கேட்கலாம்.